முதலியார்பேட்டைத் தொட்டியும் கறிவேப்பிலைச் செடியும்

1. போன் வந்தது

"ஏழுமலை, உன் தொட்டிக்கு மஞ்சக் காமாலையாம். போய்ப் பாரு."

முதலாளி போனை வைத்துவிட்டு இப்படித்தான் சொன்னார். எங்கள் கடை பார்த்துக்கொண்ட மற்ற வீட்டு மீன் தொட்டிகளெல்லாம் 'நம்ம தொட்டி'. முதலியார்பேட்டை கலியபெருமாள் ஐயா வீட்டுத் தொட்டி மட்டும் 'உன் தொட்டி'. அதில் உயிருள்ள செடி வைத்தவன் நான்.

பிள்ளைகளே, இது நீங்கள் பிறப்பதற்கு முன்னால், இரண்டாயிரம் பிறந்து சில வருஷம் கழித்து நடந்தது. உங்கள் அப்பாவாகிய நான் அப்போது தவளக்குப்பத்திலிருந்து டவுனுக்கு சைக்கிளில் வந்து ஒரு மீன் தொட்டிக் கடையில் வேலை பார்த்தேன். வீடு வீடாகப் போய்த் தண்ணீர் மாற்றுவேன், கண்ணாடி தேய்ப்பேன், ஃபில்டர் கழுவுவேன். அந்தக் காலத்தில் எங்கள் வாடிக்கைக்காரர்கள் எல்லோரும் வைத்தது பிளாஸ்டிக் செடிதான்.

எங்கள் முதலாளி சொல்தா வீட்டுப் பிள்ளை. அவருடைய அப்பா பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர். அதனாலோ என்னவோ, அவர் பேச்சு எப்போதும் உத்தரவு மாதிரியே இருக்கும். நிஜச் செடி வைக்கலாம் என்று நான் கேட்டபோது, "பிளாஸ்டிக்கு சாவாதுடா. நிஜச் செடி செத்தா கஸ்டமருக்கு நீயா பதில் சொல்லுவ?" என்றார். நான் விடாமல் கேட்கவும் கடைசியில் இறங்கி வந்தார். "சரி, ஒரே ஒரு தொட்டி. அது நின்னா மேல பாக்கலாம். நிக்கலன்னா இந்தக் கடையில செடின்னு வாயத் தொறக்கக் கூடாது."

நான் பயிர் வைக்கிற வீட்டில் பிறந்தவன். அந்த வேலையில் எனக்குப் பிடித்த ஒன்று உண்டென்றால் அது செடிதான். அதுவும் இந்த ஒரு தொட்டி நிற்பதைப் பொறுத்து இருந்தது.

2. வீட்டுக்குள்ளே ஊறல்

கலியபெருமாள் ஐயா மில்லில் வேலை பார்த்தவர். மில் நின்றுபோன பிறகு அந்தத் தொட்டியை வாங்கி ஹாலில் வைத்து, அதற்கு எதிரிலேயே நாற்காலி போட்டுக்கொண்டார். "காலையில ஷிப்டுக்குப் போற மாதிரி போயி உக்காருவாரு. டீ குடிக்கக்கூட எழுந்திருக்க மாட்டாரு" என்பார் அவர் மனைவி அஞ்சலாட்சி அக்கா.

அடியில் செம்மண் பரப்பி, மேலே கழுவிய ஆற்று மணல் போட்டு, நாடா மாதிரி நீளும் வள்ளிஸ்னேரியாவும் அகல இலை அமேசான் சோர்டும் நட்டேன். ஒவ்வொரு வாரமும் தண்ணீர் மாற்றியதும் பொட்டாஷும் அயர்னும் கரைத்த தண்ணீரைப் பாட்டில் மூடியில் அளந்து ஊற்றுவேன். யூரியா, டி.ஏ.பி. மட்டும் தொட்டிப் பக்கமே வரக் கூடாது என்பது கடைச் சட்டம். அமோனியா ஏறினால் மீன் செத்துப்போகும்.

செடிக்குக் கார்பன் டை ஆக்சைடு கேஸ் வேண்டும். அதற்கு ரொட்டிக் கடையில் ஈஸ்ட் வாங்கிவந்து, சர்க்கரைத் தண்ணீரோடு ஒரு பாட்டிலில் போட்டு மூடி, டியூப் மூலம் தொட்டிக்குள் விட்டேன். பாட்டில் புளித்து நுரைத்தது. அக்கா வந்து மோந்து பார்த்தார்.

"ஏம்பா தம்பி, சாராயக் கடை தெரு முனையிலியே கெடக்குது. வீட்டுக்குள்ள எதுக்கு ஊறல் போடற?"

"சும்மா இரு அஞ்சலாட்சி. அது செடிக்கு மூச்சு" என்றார் ஐயா.

"செடிக்கு மூச்சு, மனுஷனுக்கு நாத்தம்."

அக்காவுக்குப் பிறந்த ஊர் வீராம்பட்டினம். "எங்க ஊர்ல மீன வித்துத்தான் சோறு திம்போம். இங்க வந்து மீனுக்கு நான் சோறு போடறேன் பாரு" என்று சொல்லிக்கொண்டே, தொட்டியைத் தாண்டிப் போகும்போதெல்லாம் ஒரு கை தீனியைக் கொட்டுவார். அவர் வளையல் சத்தம் கேட்டாலே ஏஞ்சல் மீன்கள் எல்லாம் கண்ணாடி ஓரம் வந்து நிற்கும். ஐயா நாள் முழுக்க எதிரே உட்கார்ந்திருந்தும் அவரை ஒரு மீனும் சட்டை செய்ததில்லை.

3. பீரோவில் பூட்டிய தீனி

கொஞ்ச நாளில் கண்ணாடியில் பச்சைப் பாசி படர்ந்தது. முதலாளியிடம் சொன்னேன். "வீட்டுல யாரோ தீனியக் கொட்டுறாங்க. நிறுத்தச் சொல்லு, பாசி போயிடும்" என்றார். அதை அப்படியே ஐயாவிடம் சொன்னேன். அவர் தீனி டப்பாவை எடுத்து பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டார். ஒரு நாள் விட்டு ஒரு நாள், இரண்டு விரலில் கிள்ளி அவரே போடுவார்.

"நகை வெக்கிற எடத்துல மீன் தீனிய வெச்சிப் பூட்டுறீங்களே, ஊரே சிரிக்கும்!" என்றார் அக்கா. அதன் பிறகு அவர் ஹால் பக்கமே வராமல் பின்கட்டு வழியாகப் புழங்க ஆரம்பித்தார்.

முதலாளி சொன்னபடியே பாசி போனது. தண்ணீர் பளிங்கு மாதிரி ஆனது. ஐயா தெருவில் போகிறவர்களைக்கூடக் கூப்பிட்டுக் காட்டினார். அதற்குப் பிறகுதான் இலை மஞ்சளானது; முதலாளிக்கு அந்த போன் வந்ததும் அப்போதுதான். அடி இலையில் தொடங்கி மேலே ஏறியது. புது இலை சின்னதாக, வெளுத்து வந்தது. அயர்னைக் கூட்டினேன், பொட்டாஷைக் கூட்டினேன், டியூப் லைட்டை மாற்றினேன். எதற்கும் கேட்கவில்லை.

முதலாளி ஒரு பை நிறைய பிளாஸ்டிக் செடியைக் கொடுத்தார். "போதும்டா ஏழுமலை. அதப் புடுங்கிட்டு இத நட்டுட்டு வா."

4. மொட்டை மாடி

பையோடு உள்ளே போனால், ஐயா கையில் ஒரு பொட்டலம். பாகூரில் இருந்த தன் தம்பியின் வயலிலிருந்து கொண்டுவந்த யூரியா.

"நெல்லு இப்பிடி வெளுத்தா இதத்தானப்பா போடுவோம்? ஒரு ஸ்பூன் போட்டுப் பாக்கலாம்."

நெல் விஷயத்தில் அவர் சொன்னது சரி. எங்கள் அப்பாவும் அதைத்தான் செய்திருப்பார். "மீன் தாங்காது ஐயா" என்று நான் சொல்லி முடிக்குமுன் சமையலறையிலிருந்து அக்கா வந்துவிட்டார்.

"ஏற்கெனவே பட்டினி போட்டீங்க. இப்ப மருந்து வெச்சிக் கொல்லப் போறீங்களா? கீழ வையுங்க அத."

"பட்டினி இல்லடி, அளவு."

"அளவாம் அளவு! எம் மீன் மொகத்தப் பாருங்க."

ஐயா பொட்டலத்தை மடித்து ஜன்னலில் வைத்தார். கண் கலங்கியிருந்தது. "மில்லும் போச்சு. இதுவும் போவுதுன்னா போவட்டும். நட்டுட்டுப் போப்பா அந்தப் பிளாஸ்டிக்க" என்றார்.

செடியைப் பிடுங்குவதற்கு முன் தண்ணீரை இறக்க வேண்டும். ஹோஸ் போட்டு வாளியில் பிடித்து, வழக்கம்போல மொட்டை மாடிக்குத் தூக்கிப் போனேன். பழைய தொட்டித் தண்ணீரை அக்கா வீணாக்க விடமாட்டார். மாடியில் பூந்தொட்டியில் நட்ட கறிவேப்பிலைக்கும் கனகாம்பரத்துக்கும் ஊற்றச் சொல்வார். அன்றைக்கு அவரும் பின்னாலேயே வந்தார்.

"ஊத்து, ஊத்து. ஊத்தி என்னா புண்ணியம்? முன்னெல்லாம் நீ கொண்டாந்து ஊத்துன தண்ணிக்கு இந்தக் கறிவேப்பில தளதளன்னு நின்னுது. தெருவே வந்து பறிச்சிக்கினு போச்சு. இப்பப் பாரு, அதுவும் வெளுத்துப் போயிட்டுது. அவரு பீரோவப் பூட்டுனதுலேருந்து உன் தண்ணியில சத்தே இல்லப்பா."

நான் வாளியைக் கீழே வைத்துவிட்டேன். கறிவேப்பிலையைப் பார்த்தேன். கீழே மீன் தொட்டியில் இருந்த அதே மஞ்சள். அதே போல அடி இலையிலிருந்து.

நான் பாட்டில் மூடியில் அளந்து ஊற்றியது பொட்டாஷும் அயர்னும் மட்டும். மீதி உரத்தைப் போட்டுக்கொண்டிருந்தது அக்காவின் கை. அவர் போட்ட தீனியை மீன் தின்று, அந்தக் கழிவில் இருந்த, யூரியாவில் உள்ள அதே தழைச்சத்தில் செடி வாழ்ந்திருக்கிறது. கை கொஞ்சம் அதிகமானபோது பாசி வந்தது. கை நின்றதும் செடி பட்டினி கிடந்தது.

கீழே வந்து ஐயாவிடம் சொன்னேன்.  அவர் எழுந்துபோய் பீரோவைத் திறந்தார். டப்பாவை அக்கா கையில் கொடுக்கவில்லை. தொட்டி மேல் வைத்துவிட்டு மறுபடி நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார்.

"காலையில ஒரு வாட்டி, சாயங்காலம் ஒரு வாட்டி. மீன் தின்னு முடிக்கிற அளவுக்கு. போதும்ல தம்பி?" என்று என்னைத்தான் கேட்டார்.

"அத அவங்க கிட்டயே சொல்லுங்க ஐயா" என்றேன்.

"எனக்குக் காது கேக்குது" என்றார் அக்கா. வளையல் சத்தம் கேட்டு மீன்கள் கண்ணாடி ஓரம் வந்துவிட்டன.

5. புது இலை

பையை அப்படியே கடைக்குத் திருப்பிக் கொண்டுபோனேன். முதலாளி முறைத்தார். "கொஞ்ச நாள் பொறுத்துப் பாருங்க" என்று கெஞ்சினேன்.

மஞ்சளான பழைய இலை திரும்பப் பச்சையாவதில்லை. அதைக் கத்தரித்துவிட்டுப் புது இலைக்குத்தான் காத்திருக்க வேண்டும். சோர்டின் நடுவிலிருந்து முதல் புது இலை கரும்பச்சையாக, உள்ளங்கை அகலத்துக்கு விரிந்த வாரம், முதலாளியையே வண்டியில் உட்கார வைத்து அழைத்துப் போனேன். தொட்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். திரும்பும்போது, "அடுத்த தொட்டிக்கு மணல் எவ்ளோடா வேணும்?" என்று மட்டும் கேட்டார்.

இந்தத் தொழிலில் நான் கற்றது இதுதான். செடி வெளுத்தால் உடனே உர பாட்டிலைத் தூக்காதே. அந்த வீட்டில் மீனுக்குத் தீனி போடுகிறவர் யார் என்று கேட்டு, அவரிடம் முதலில் பேசு. நமக்குத் தெரியாமலே பாதி வேலையை அவர் செய்துகொண்டிருப்பார்.

கலியபெருமாள் ஐயா வீட்டில் மட்டும் அதை நான் கேட்க வேண்டியதே இல்லாமல் போனது. நான் செருப்பைக் கழற்றும்போதே அவர் சமையலறைப் பக்கம் கையைக் காட்டுவார்.

"உரம் போடற ஆளு உள்ள இருக்குது. போயி கேளு."