பதினெட்டு எண்ணெய்த் தலைகள்

ஜார்ஜியா நாட்டின் ஒரு மலைக் கிராமம். காலை எட்டு மணிக்கு என் குரூப் ஓட்டலில் டிபனுக்கு வந்தது. பதினெட்டுப் பேர், பதினெட்டுத் தலையிலும் நல்லெண்ணெய். பெண்களுக்கு வெள்ளி, ஆண்களுக்குச் சனி என்ற கணக்கெல்லாம் அன்று இல்லை. எல்லோர் தோளிலும் துண்டு வேறு.

டூர் மேனேஜராக அதுதான் எனக்கு முதல் டூர். அதற்கு முன் தி. நகரில் ஒரு டிராவல்ஸில் பன்னிரண்டு வருடம் விசா டெஸ்க்கில் ஃபாரம் நிரப்பிக்கொண்டிருந்தேன். கிளம்பும்போது முதலாளி, ஒரு புகார் வந்தாலும் மறுபடி அதே நாற்காலிதான் என்று சொல்லி அனுப்பியிருந்தார்.

எண்ணெய்க்குக் காரணம் நான்தான். குரூப்பில் மயிலாப்பூர் சேஷாத்ரி மாமா இருந்தார். பாங்க்கில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், எழுபது வயது. அன்று நாங்கள் போகவிருந்த அருவியில் குளிக்கலாமா என்று கேட்டு, ஊரிலிருந்து கிளம்பும் முன்பே மூன்று முறை போன் செய்தார். மூன்றாவது முறை என் மேஜையில் பாஸ்போர்ட் மலையாகக் குவிந்திருந்தது. எரிச்சலில், "தாராளமா குளிக்கலாம் சார்" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். யாரிடமும் விசாரிக்கவில்லை. எனக்குத் தெரிந்த ஒரே அருவி குற்றாலம். அவர் அதை அப்படியே வாட்ஸ்அப் குரூப்பில் போட்டுவிட்டார்.

நீனோ சொன்னது

உள்ளூர் கைடு நீனோ சின்னப் பெண். தலைகளைப் பார்த்துவிட்டு, இன்று உங்களுக்கு ஏதாவது பண்டிகையா என்று ஆங்கிலத்தில் கேட்டாள். விஷயத்தைச் சொன்னேன். முதலில் சிரித்தாள். அப்புறம் என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள். அது பனி உருகி வரும் தண்ணீராம். இரண்டு நிமிஷம் நின்றால் கை கால் மரத்துவிடுமாம். அந்த ஊரில் யாருமே அதில் குளிப்பதில்லையாம்.

சென்னைக்குப் போன் போட்டேன். முதலாளி யோசிக்கவே இல்லை.

"மேல போனப்புறம், கவர்மெண்ட்ல தடை பண்ணிட்டாங்கன்னு சொல்லிடு. அவங்களுக்கு எப்படித் தெரியப்போகுது?"

எனக்கும் அது நல்ல யோசனையாகத்தான் பட்டது. நீனோவிடம் சொன்னபோது அவளுக்குப் பிடிக்கவில்லை. பொய் உன்னுடையது, எங்கள் கவர்மெண்ட்டை ஏன் இழுக்கிறாய் என்று கேட்டுவிட்டு முன்னால் நடந்தாள்.

பாதி வழி

இரண்டு மணி நேர ஏற்றம். சேஷாத்ரி மாமாவுக்கு முட்டி வலி. வளைவுக்கு வளைவு உட்கார்ந்தார். பட்டினப்பாக்கத்தில் மீன் விற்கும் ஸ்டெல்லா அக்கா, மகன்கள் பணம் கட்டி அனுப்பி வைத்தவர், யாரும் கேட்காமலே மாமாவின் பையையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டார். பாதி வழியில் ஒரு பாறைமேல் உட்கார்ந்து மாமா அக்காவிடம் சொன்னார்: "நேக்கு வலி பொறுக்கல. ஆனா தலையில ஜில்லுனு ஜலம் விழப்போறதுன்னு நெனச்சா, கால் தானா நடக்கறதும்மா."

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. ஒரு பொய்க்காக அந்த மனிதர் வலியோடு ஏறுவதைப் பார்க்க வெட்கமாக இருந்தது. எல்லோரையும் நிறுத்தி, குளிக்க முடியாது, விசாரிக்காமல் சொன்னது நான், திரும்ப நினைப்பவர்கள் இங்கிருந்தே திரும்பலாம் என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன். விசா டெஸ்க் நாற்காலி கண்ணில் தெரிந்தது.

"இதை ஓட்டல்லயே சொல்லியிருக்கலாமோல்லியோ?" என்றார் மாமா.

"பயமா இருந்துச்சு சார்."

மாமா முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஸ்டெல்லா அக்காதான் பையைத் தோளில் ஏற்றிக்கொண்டு, "எண்ண தேச்சிக்கினு இம்மாந் தூரம் ஏறியாச்சு. பாக்காம போனா எப்டி? ஏந்திரு சார்" என்றார். மாமா எழுந்தார். என் பக்கம் பார்க்கவில்லை.

ஒரு மக்

அருவி பெரிய அருவி. சாரல் தூரத்திலேயே முகத்தில் அடித்தது. மாமா ஓடையில் கையை வைத்தார், சுட்டதுபோல் இழுத்துக்கொண்டார். அப்போது ஸ்டெல்லா அக்கா தன் பையிலிருந்து ஒரு சிவப்பு பிளாஸ்டிக் மக்கை எடுத்தார். வெளிநாட்டு பாத்ரூமில் வெறும் காகிதம்தான் இருக்கும் என்று யாரோ சொல்லி, ஊரிலிருந்தே கொண்டுவந்திருந்தார்.

"உள்ள நின்னாதான தப்பு. ஒரே ஒரு மக் ஊத்தட்டா சார்?"

நீனோவைப் பார்த்தேன். கொஞ்சம் யோசித்து, ஒன்று போதும், உடனே துடைக்க வேண்டும் என்றாள். மாமா கரையில் உட்கார்ந்தார். தண்ணீர் விழுந்ததும் அவர் போட்ட கூச்சலில் கீழே மேய்ந்துகொண்டிருந்த குதிரைகள் நிமிர்ந்து பார்த்தன. பிறகு சிரிக்க ஆரம்பித்தவர் நிறுத்தவே இல்லை. மற்றவர்களும் வரிசையில் நின்றார்கள். தலைக்கு ஒரு மக். நீனோவும் குனிந்து ஒன்று வாங்கிக்கொண்டாள்.

கடைசியாக என் முறை. மாமா மக்கை வாங்கிக்கொண்டார். எனக்கு மட்டும் இரண்டு ஊற்றினார்.

"ஒண்ணு ஸ்நானம். இன்னொண்ணு தண்டனை."

எண்ணெய் யாருக்கும் போகவில்லை. பஸ் இரண்டு நாள் நல்லெண்ணெய் வாசத்தோடு ஓடியது.

சென்னை வந்ததும் முதலாளி என்னைக் கூப்பிட்டு மாமாவின் ஃபீட்பேக் ஃபாரத்தை நீட்டினார். புகார் என்ற கட்டத்தில் எழுதியிருந்தது: 'டூர் மேனேஜர் அருவி பற்றித் தவறான தகவல் தந்தார். நாங்கள் கண்டுபிடிக்கும் முன் அவரே சொல்லிவிட்டார். அடுத்த டூருக்கும் இவர் வருவதானால் எனக்கு ஒரு சீட் வேண்டும்.' இது புகாரா பாராட்டா என்று முதலாளிக்குப் புரியவில்லை. என்னை விசா டெஸ்க்குக்குத் திருப்பி அனுப்பவும் இல்லை.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். தெரியாது, விசாரித்துச் சொல்கிறேன் என்று நான் சொன்னதற்காக இதுவரை எந்தக் கஸ்டமரும் கோபித்துக்கொண்டதில்லை. தெரியும் என்று சொன்னதற்குத்தான் தலையில் இரண்டாவது மக் வாங்கினேன்.