அதிகமாக அழுகிறவன்

அக்கா என்றால் கூடப் பிறந்தவள் இல்லை. ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் பதினாறு வருஷமாக என்னோடு ஜோடி சேர்ந்து படுக்கை விரிப்பு மடிப்பவள். ஒரு முனை அவள் கையில், மறுமுனை என் கையில்.

அவளுக்கு உயிரே தொப்பிக்காரர் துப்பறியும் படங்கள்தான். கறுப்பு வெள்ளையில் மொத்தம் பதினொன்று. ஒவ்வொன்றிலும் ஒரு கொலை. கடைசியில் தொப்பிக்காரர் எல்லோரையும் ஒரே அறையில் உட்காரவைத்து, ஒவ்வொருவராகக் கேட்டுக் கொலைகாரனைப் பிடித்துவிடுவார். ஞாயிறு மதியம் அக்கா, அவள் தம்பி, நான் மூவரும் பார்ப்போம். அக்கா பாதியிலேயே சொல்லிவிடுவாள்: “யாரு அதிகமா அழுறாங்கன்னு பாரு. அவன்தான்டி.”

“படம் பாக்க விடேன்க்கா!” என்று தம்பி தலையணையை எறிவான்.

அந்தத் தம்பிதான் போய்விட்டான். எங்கள் கூடத்திலேயே துணிவண்டி தள்ளியவன். கூடத்து வாசலில் சாமான் லிஃப்டின் கதவைத் திறந்து கால் வைத்தான்; உள்ளே லிஃப்ட் இல்லை. மூன்று மாடி. “விபத்து” என்று ஒரே வார்த்தையில் விசாரணையை முடித்துவிட்டார்கள், பாவிகள்.

“யாருமே செய்யாம எப்படிடி சாவான்?” சோறு தண்ணி இல்லாமல் அக்கா இதையே கேட்டாள். ஆறு மாதம் கேட்டாள்.

ஒரு நாள் சாப்பாட்டு நேரத்தில் மேற்பார்வையாளரையும் லிஃப்ட் மெக்கானிக்கையும் இஸ்திரி அறைக்குக் கூப்பிட்டு, என்னையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, தொப்பிக்காரர் மாதிரி கதவைச் சாத்தினாள். நல்லவேளை, யாரும் சிரிக்கவில்லை.

“கதவுப் பூட்டு கெட்டுப்போச்சு, லிஃப்ட் வராமலே கதவு திறக்குதுன்னு அன்னிக்கே எழுதிக் குடுத்தேனேம்மா,” என்றார் மேற்பார்வையாளர்.

“நான் ‘பழுது’ன்னு போர்டு மாட்டிட்டுத்தான் புதுப் பூட்டு வாங்கப் போனேன்,” என்றார் மெக்கானிக்.

“அப்ப போர்டக் கழட்டினது யாரு?”

நான்தான். தம்பி விழுந்த அன்று காலை ஈரத்துணியை மொட்டைமாடிக்குப் படியேறிச் சுமக்க உடம்பு வளையாமல், ஒரே ஒரு தடவைதானே என்று போர்டைக் கழற்றி, லிஃப்டில் துணியை அனுப்பினேன். திரும்ப மாட்ட மறந்துபோனேன். சத்தியமாக மறந்துதான் போனேன். அப்புறம் வாயைத் திறக்காமல் அவளைக் கட்டிக்கொண்டு அழுதேனே, அதற்கு எந்தச் சாக்கும் இல்லை.

இப்போதும் அழுகை வந்துவிட்டது. அக்கா திரும்பி என்னைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள்.

“நீயாடி?”

“ஆமாக்கா.”

படமாக இருந்தால் விலங்கு மாட்டி இழுத்துப் போவார்கள்; ‘முற்றும்’ என்று போட்டுவிடுவார்கள். இங்கே வேலை மணி அடித்தது. ஆண்கள் இருவரும் தலையைக் குனிந்துகொண்டு வெளியே போனார்கள். அக்கா குவியலிலிருந்து ஒரு விரிப்பை உருவினாள்.

“புடி,” என்றாள்.

ஐந்து மணிவரை மடித்தோம். ஒவ்வொரு மடிப்புக்கும் என் முனையை அவள் கையில் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். என் விரல் படாமல் அவள் வாங்கிக்கொண்டாள்.