ஒடியல் சாக்கில் போட்ட பின்னல்

எண்பத்து மூன்றாம் ஆண்டுக் கலவரம் நடந்த அடுத்த வருஷம் நான் கலியாணம் முடித்து, புங்குடுதீவில் இருக்கிற இறுப்பிட்டிக்கு வந்தேன். வந்த வீட்டில் என் கணவரைவிட அவருடைய தங்கைக்குத்தான் பெயர் அதிகம். பஸ்ஸில் ஏறி இறங்கும் இடத்தைச் சொன்னால், "ஓ, கோலாட்டக்காரியின்ர வீட்டடியோ?" என்று நடத்துநர் கேட்பார். புதுமாப்பிள்ளையின் முகம் சுருங்கிவிடும். எனக்குச் சிரிப்பை அடக்க முடியாது.

அந்தத் தங்கை, என் மச்சாள், ஆடியது பின்னல் கோலாட்டம். நடுவில் ஒரு கம்பம். அதன் உச்சியிலிருந்து எட்டு நிறத்தில் எட்டு நாடாக்கள் தொங்கும். எட்டுப் பெண்கள் ஒரு கையில் நாடாவும் மறு கையில் கோலுமாகச் சுற்றி வருவார்கள். நாலு பேர் வலப்பக்கமாக, நாலு பேர் இடப்பக்கமாக. எதிரே வருகிறவளை ஒருக்கால் உள்ளால் கடந்தால், அடுத்தவளை வெளியால் கடக்க வேண்டும். ஆட ஆட மேலே நாடாக்கள் சடையாகப் பின்னுப்படும். பிறகு அதே அடிகளை எதிர்ப்பக்கமாக ஆடி, சிக்குப்படாமல் அவிழ்த்துவிட வேண்டும். பார்க்கிற சனம் அண்ணாந்து பின்னலைப் பார்க்கும். முன்னுக்கு நின்று ஆட்டத்தை நடத்துகிற மச்சாள் மட்டும் அண்ணாந்து பார்க்கவே மாட்டாள். பின்னல் எந்த இடத்தில் நிற்கிறது என்பது அவளுடைய கால்களுக்குத் தெரியும். கோயில் வீதியில் அதை முதல் தடவை பார்த்தபோது, இப்படியொருத்தி இருக்கிற வீட்டுக்கா வாழ வந்திருக்கிறேன் என்று எனக்கே பெருமையாக இருந்தது.

ஆனால் ஆள் சேராமல் பின்னல் இல்லை. ஒருத்தி கலியாணம் முடித்து வேலணைக்குப் போனாள். இரண்டு பேர் வீட்டாரோடு இந்தியாவுக்கு வள்ளம் ஏறினார்கள். ஒருத்தியை அவளுடைய அண்ணன் ஜேர்மனிக்குக் கூப்பிட்டுக்கொண்டான். மிஞ்சியவர்களை ஆடவிட வீட்டுக்காரர்கள் பயந்தார்கள். திருவிழா வரும் காலத்தில் மச்சாள் வீடு வீடாகப் போய், "ஒரே ஒரு நாளைக்கு வாங்கோ" என்று கெஞ்சுவாள். எல்லோரும் கையைப் பிடித்து வாக்குக் கொடுப்பார்கள். ஒருத்தியும் வரமாட்டாள். எனக்கு அந்தப் பெண்களில் கோபம் கோபமாக வரும். மச்சாளோ அடுத்த திருவிழாவுக்கும் கெஞ்சப் போவாள். கடைசியில் மாமி அந்தக் கம்பத்தை எடுத்துக் குசினிக்குப் பின்னால் நட்டு, உடுப்புக் காயப்போடக் கொடி கட்டிவிட்டார்.

அதற்குப் பிறகுதான் மச்சாள் சாக்கில் கைவைத்தாள். மாமி ஒடியல் என்கிற காயவைத்த பனங்கிழங்கைப் போட்டு வைக்கிற சணல் சாக்கு ஒன்றை வெட்டி விரித்து, பொங்கலுக்குச் சுவருக்கு அடித்து மிஞ்சிய சுண்ணாம்பை அதில் பூசினாள். அது காய்ந்ததும் முற்றத்தில் போட்டுச் சுற்றி வந்தாள். கடற்படை கடலுக்குப் போக விடாத காலம் அது. குறிகட்டுவானில் வள்ளங்கள் கரையில் ஏறிக் கிடந்தன. அவற்றுக்குப் பூச வாங்கிய பெயின்ற்றும் தகரங்களில் கிடந்தது. எங்கள் சொந்தக்காரர் ஒருவரிடம் நீலத்திலும் சிவப்பிலும் அரைத் தகரம் வாங்கி வந்து, மண்ணெண்ணெய் விட்டுக் கரைத்தாள். பனை நாரான தும்பைக் கட்டித் தூரிகையாக்கினாள். இதையெல்லாம் அவளுக்கு ஒருவரும் சொல்லிக் கொடுக்கவில்லை. படம் கீறுகிறவர் ஒருவரைக்கூட அவள் கண்டதில்லை.

குந்தி இருந்து கீறுகிற பழக்கம் அவளிடம் இல்லை. சாக்கைச் சுற்றி அடி போட்டு வருவாள். ஓரிடத்தில் குனிந்து ஓர் இழுவை. பிறகு மறுபடி சுற்று. எதிர்ப்பக்கம் போனதும் இன்னோர் இழுவை.

"மச்சாள், நீர் சாக்கை ஆட்டுறீரோ, சாக்கு உம்மை ஆட்டுதோ?" என்று நான் பகிடி பண்ணுவேன்.

"தள்ளி நில்லும், அடி பிழைக்கப் போகுது" என்பாள்.

முதலில் போட்டவையெல்லாம் பின்னல்கள்தான். யார் பார்த்தாலும் சடை என்று சொல்லிவிடலாம். போகப்போகச் சடை கலைந்துவிட்டது. நிறங்கள் தங்கள் பாட்டில் போகத் தொடங்கின. பெரிய நீலத்துக்குள் ஒரு சிவப்பு வரும், வளையும், ஓரத்துக்கு வந்ததும் நிற்கும். எனக்கு ஒரு மண்ணும் விளங்கவில்லை. விளங்காவிட்டாலும் கடந்து போக முடியவில்லை. அடுப்பில் உலை கொதித்து வற்றுகிற அளவுக்கு அதைப் பார்த்துக்கொண்டு நின்று, மாமியிடம் பேச்சு வாங்கியிருக்கிறேன்.

மாமிக்குச் சாக்குப் போகிற கவலை. ஒரு முறை கீறி முடித்த சாக்கு ஒன்றை மறுபடி தைத்து அதற்குள் ஒடியலைப் போட்டுவிட்டார். அந்த ஒடியலில் காய்ச்சிய கூழை ஒருவராலும் வாயில் வைக்க முடியவில்லை, அப்படியொரு மண்ணெண்ணெய் மணம்.

"உதில சாமியும் இல்லை, சனமும் இல்லை, ஒரு மாடு கண்டு கூட இல்லை. பிறகென்னத்துக்குப் பிள்ளை?" என்று மாமி கேட்டார். வேண்டுமென்று குத்தவில்லை, உண்மையாகவே கேட்டார்.

மச்சாள் தூரிகையை மண்ணெண்ணெயில் கழுவி வைத்தாள். பிறகு சொன்னாள்: "வாசிகசாலை ஆண்டு விழாவில கொண்டுபோய்த் தொங்கவிடுறன் அம்மா. பாக்கிற சனத்தில ஒரு ஆளுக்காவது அதில ஏதும் தெரியவேணும். தெரியாட்டில் எல்லாச் சாக்கையும் ஒடியலுக்கு எடுங்கோ. நான் இனித் தொடன்."

அவள் சொன்னால் சொன்னதுதான்.

வாசிகசாலைச் சுவரில் ஒரே ஒரு சாக்கைத்தான் தொங்கவிட்டாள், இருப்பதில் பெரியதை. வந்தவர்கள் வெளிப்படையாகச் சிரிக்கவில்லை, மரியாதையான ஊர். தலையைச் சரித்துச் சரித்துப் பார்த்தார்கள். ஒருவர் புங்குடுதீவின் வரைபடம் என்றார். இன்னொருவர் கணவாய் மீன் என்றார். தலைமை தாங்க வந்த பெரியவர், "தங்கச்சி, இதில எது மேல்ப்பக்கம்?" என்று கேட்டார்.

"ஆட்டத்துக்கு எது ஐயா மேல்ப்பக்கம்?" என்றாள். அவர் தலையாட்டிவிட்டுத் தன் கதிரைக்குப் போனார். பேச்சுகள் முடிந்தன, தேத்தண்ணியும் முடிந்தது. சனம் கலையத் தொடங்கியது.

"கழட்டுவம் மச்சாள்" என்றாள் என்னிடம். குரல் சாதாரணமாக இருந்தது. எனக்குத்தான் கண் கலங்கியது.

அந்த நேரம் பார்த்து, வேலணையில் கலியாணம் முடித்த அவளுடைய கூட்டாளி, இடுப்பில் பிள்ளையோடு வந்தாள். ஆட்டத்தில் மச்சாளுக்கு நேர் எதிரே நின்றவள் அவள். சுகம் விசாரிக்கக்கூட இல்லை, சாக்குக்கு முன்னால் நின்றுவிட்டாள். கொஞ்ச நேரத்தில் அவளுடைய கால் நிலத்தைத் தட்டத் தொடங்கியது. விரல் காற்றில் அந்தச் சிவப்போடு கூடவே போனது. பிறகு சட்டென்று நின்றது.

"இது பிழையடி" என்றாள்.

"எங்க?"

"இந்தச் சிவப்பு உள்ளால வந்து, திரும்பவும் உள்ளால போகுது. அப்பிடி ஆடேலாது. ஆடினால் நீயும் நானும் முட்டுப்பட்டு விழுவம்."

எத்தனை திருவிழாவுக்குக் கூப்பிட்டும் வராதவள், இன்றைக்கு வந்து பிழை பிடிக்கிறாளே என்று எனக்கு வாய் துடித்தது. மச்சாளின் முகத்தைப் பார்த்ததும் அடங்கிவிட்டேன். கோயில் வீதியில் ஆடி முடித்து நிற்கும்போதுகூட நான் அப்படியொரு முகத்தைக் கண்டதில்லை.

"வேற எங்க?" என்று மச்சாள் கேட்டாள்.

"இந்த நீலத்துக்கு ஆளில்லை. ஒருத்தரும் பிடிக்காமல் தன்பாட்டில போகுது."

"ஓம். ஆளில்லை. ஆளில்லாமலும் போகுமோ எண்டுதான் பாத்தனான்."

கூட்டாளி பிள்ளையை மற்ற இடுப்புக்கு மாற்றிக்கொண்டு, நீலத்தை அடியிலிருந்து நுனிவரை மறுபடி பார்த்தாள். அவசரப்படாமல் பார்த்தாள். "போகுதுதான்" என்றாள்.

பஸ் ஏற்றிவிட நாங்கள் இருவரும் கூடவே போனோம். படியில் கால் வைத்துக்கொண்டு கூட்டாளி வழமைபோல மச்சாளின் கையைப் பிடித்தாள். "வாற திருவிழாவுக்கு எப்பிடியும் வந்திடுவன். மற்றவையையும் சேப்பம்" என்றாள். முந்தியென்றால் மச்சாள் அந்தக் கையை விட்டிருக்கவே மாட்டாள். சத்தியம் வாங்காமல் பஸ்ஸையும் போக விட்டிருக்க மாட்டாள்.

"வா, ஆடுவம்" என்றாள் மச்சாள். "வராட்டிலும் பறவாயில்லை. எனக்கு வேலை கிடக்கு."

அவள் அதைச் சிரித்துக்கொண்டு சொன்னாள், மனதில் ஒரு துளி கசப்பில்லாமல். அந்த வார்த்தையை நானும் வாழ்நாளில் ஒருக்காலாவது அப்படிச் சொல்லிவிட வேண்டும் என்று இன்றும் ஆசையாக இருக்கிறது.