புட்டு மாவில் ஒரு பிறந்தநாள்

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். எங்கள் குசினியில் மா வாளி இரண்டு இருப்பது எனக்குத் தெரியாது. கல்யாணம் முடித்த நாளிலிருந்து மூன்று வேளையும் அங்கேதான் சாப்பிடுகிறேன் – ஆனாலும் தெரியாது.

கல்முனைப் பக்கத்து வாசகர்களுக்கு விளக்கம் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: இங்கே மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குக் குடிபோவான். வீடு மனைவியுடையது. குசினியோ மாமியின் தனி அரசாங்கம். நான் விருந்தாளி... கொஞ்சம் கூடுதலாகத் தங்கிவிட்ட விருந்தாளி.

பிறகேன் எல்லை தாண்டினேன்?

எங்கள் எல்லோருடைய பிறந்தநாளுக்கும் கேக் செய்வது என் மனைவி ஸீனத். பிள்ளைகளுக்கு, மாமிக்கு, தன் தம்பி றிஸ்விக்கு, எனக்கு. அவளுடைய பிறந்தநாள் வந்தால்? அதையும் அவளே அடித்து, அவளே ஓவனில் வைத்து, அவளே வெட்டி, கடைசியில் தட்டும் கழுவுவாள். இந்தத் தடவை நான்தான் செய்வேன் என்று வைராக்கியம் பிடித்தேன்.

போன சனிக்கிழமை அவளுடைய பிறந்தநாள். அன்றைக்கு அவள் ஒரு கல்யாண வீட்டுக்குப் போனாள். நான் குசினிக்குள் போனேன். யூடியூபில் ஒரு பெண் சிரித்துக்கொண்டே முட்டை உடைத்தார். நானும் சிரித்துக்கொண்டே உடைத்தேன். கைக்கு எட்டிய வாளியைத் திறந்து மாவைப் போட்டேன்.

வெந்ததும் தட்டைக் கவிழ்த்தால்... கேக் விழவில்லை. உதிர்ந்து கொட்டியது.

மாமி என்னோடு நேருக்கு நேர் கதைப்பதில்லை, மரியாதை. மகனிடம் சொல்வதுபோல எனக்குச் சொன்னார்.

"றிஸ்வி, மச்சானுக்குச் சொல்லு. அது புட்டுக்கு அவிச்சி அரிச்சி வெச்ச மா. பச்ச மா மற்ற வாளிக்குள்ள இரிக்கி."

றிஸ்வி சிரித்த சிரிப்பில் சுவரைப் பிடித்துக்கொண்டான்.

"மச்சான், புட்டுக்கு மீன் ஆணம் வெக்கச் சொல்லவா? இல்லாட்டி பேக்கரில ஒண்டு வாங்கிட்டு வாறன். ராத்தா வாறத்துக்குள்ள மாத்திரலாம்."

மோட்டார்சைக்கிள் சாவியை எடுத்து என் சாரத்து மடிப்பில் செருகிக்கொண்டேன்.

"ஒண்டும் வாங்க வேணா. இதுதான் கேக்."

"இது கேக்கா மச்சான்?"

"மெழுகுதிரி நிண்டா கேக்."

நிற்கவில்லை. உதிர்ந்ததையெல்லாம் ஒரு சோற்றுக் கோப்பையில் குவித்து, இரண்டு கையாலும் அமுக்கி, மறுபடி குத்தினேன். நின்றது. கொஞ்சம் சரிவாக.

ஏன் இந்தப் பிடிவாதம்? குசினியில் ஒரு தடவை சொதப்பிவிட்டால் ஆம்பிளைக்கு ஆயுள் முழுக்க விடுதலை. 'உங்களுக்கு இது சரிவராது' என்று அன்பாக அனுப்பிவிடுவார்கள். அந்தச் சலுகையில் கொழுத்தவர்கள் நம்மில் எத்தனை பேர்? பேக்கரிப் பெட்டி வீட்டுக்குள் வந்தால் எனக்கும் அந்த விடுதலை கிடைக்கும். அடுத்த வருடமும் ஸீனத்தே முட்டை அடிப்பாள். முடியாது. அடுத்த வருடமும் நான்தான் செய்வேன் – எந்த வாளியில் கை வைத்தாலும் சரி.

ஸீனத் வந்தாள். கோப்பையைப் பார்த்தாள். உம்மாவைப் பார்த்தாள், தம்பியைப் பார்த்தாள். அபாயாவைக்கூடக் கழற்றாமல் கதிரையில் உட்கார்ந்து, ஒரு கரண்டி எடுத்தாள். பிறகு இன்னொன்று. மலையில் பாதி போய்விட்டது.

"எப்பிடி இரிக்கி?" என்றேன்.

"தேங்காப்பூ போடல்லியா?"