பதிவேட்டில் இருந்த முத்து

எங்கள் குடும்பம் இந்த நாட்டில் எத்தனை காலமாக இருக்கிறது என்ற கேள்வி எங்கள் வீட்டில் யாருக்கும் தோன்றியதில்லை. அது அரசாங்கத்துக்குத்தான் தோன்றியது.

எழுபதுகளின் நடுப்பகுதி அது. இலங்கையில், மாத்தளைக்குச் சற்று மேலே, ரப்பரும் கொக்கோவும் கலந்து நின்ற ஒரு தோட்டத்தில் நாங்கள் இருந்தோம். எனக்கு ஒன்பது வயது. லயத்து வரிசை வீடுகளில் எங்களோடு இருந்தவர்கள், குடியுரிமை இல்லை என்று ஒவ்வொரு குடும்பமாக ரயில் கோச்சியேறி, தலைமன்னாரில் கப்பலேறி, தாங்கள் பார்த்தேயிராத இந்தியாவுக்குத் திரும்பிப் போய்க்கொண்டிருந்தார்கள். பார்க்காத இடத்துக்கு எப்படித் திரும்பிப் போவது என்று அப்போது நான் கேட்கவில்லை. பெரியவர்களும் கேட்டதாகத் தெரியவில்லை.

எங்கள் வீட்டிலும் ஒரு ட்ரங்குப் பெட்டி வாங்கியாகிவிட்டது. அம்மா அதில் எதையும் வைக்கவில்லை. ஆனால் வாரத்துக்கொரு தடவை திறந்து துடைத்து மூடிவைப்பாள். கப்பலைப் பார்க்கப்போகிறோம் என்பதில் எனக்கு ஏக சந்தோஷம்.

அந்தச் சந்தோஷத்தைக் கெடுக்க வந்தவர் சித்தப்பா. அவர் டவுனில் ஒரு துணிக்கடையில் வேலை பார்த்தார். சிங்களம் நன்றாகப் பேசுவார், பத்திரிகை படிப்பார், அதனால் சட்டமும் தெரியும் என்று நம்பினார். குடியுரிமைக்கு அப்பா இங்கே பிறந்தவர் என்று காட்டினால் போதாதாம். அப்பாவின் அப்பாவும் இங்கே பிறந்தவர் என்று காட்ட வேண்டுமாம். தாத்தாவின் பிறப்புப் பதிவு கிடைத்துவிட்டால் அப்பாவும் சித்தப்பாவும் இந்த நாட்டுக்காரர்கள். அப்பா வழியாக நானும். கிடைக்காவிட்டால் பெட்டியில் துணியை அடுக்க வேண்டியதுதான்.

தாத்தா இதே தோட்டத்தில்தான் பிறந்தார். அதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. எந்த வருஷம் என்பதுதான் தெரியாது. தோட்டத்து ஆபீசில் இருந்த பழைய புத்தகங்களைக் கறையான் தின்று முடித்திருந்தது. சித்தப்பா லயம் லயமாகப் போய் வயதானவர்களைப் பிடித்து விசாரித்தார். தோட்டத்து மேல்கணக்குப் பகுதியில் ரப்பர் கன்று வைத்த வருஷம் என்றார் ஒருவர். பழைய கோயில் கூரை சரிந்த வருஷம் என்றார் இன்னொருவர். கூரை சரிந்தது எப்போது என்று கேட்டால், முத்து பிறந்த வருஷம்தான் என்றார். முத்து என்பது தாத்தாவின் பெயர்.

தாத்தாவிடமே கேட்டார்கள்.

“எனக்கு எப்படிரா தெரியும்? நான் அப்போ சின்னப் புள்ள,” என்றார் தாத்தா.

கடைசியில் எல்லாவற்றையும் கூட்டிக் கழித்து, சித்தப்பா ஐந்தாறு வருஷங்களைக் குறித்துக்கொண்டு மாத்தளைக் கச்சேரியில் இருந்த பதிவு அலுவலகத்தில் தேடச் சொல்லி விண்ணப்பம் கொடுத்தார். மழைக்காலம் முழுக்க அதற்காக அலைந்தார். ஒரு நாள் பழைய பதிவேடு அகப்பட்டுவிட்டது என்றும், தாத்தாவை நேரில் கூட்டிவர வேண்டும் என்றும் ஆள் அனுப்பினார். அப்பாவுக்கும் அம்மாவுக்கும் வேலையை விட முடியாது. தாத்தாவுக்கு அப்போது கண் மங்கத் தொடங்கியிருந்தது. பள்ளிக்கூடம் விடுமுறை என்பதால் கையைப் பிடித்துக்கொள்ள என்னை அனுப்பினார்கள்.

தாத்தா வெள்ளை வேட்டி கட்டி, எப்போதோ ஒரு துரை கொடுத்த கறுப்புக் கோட்டைப் போட்டுக்கொண்டார். பஸ்ஸில் எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். கல்யாணத்துக்கா என்று கொண்டக்டர் சிங்களத்தில் கேட்டதற்கு, “நான் பொறந்துட்டேனான்னு பாக்கப் போறேன்,” என்று தாத்தாவும் சிங்களத்திலேயே சொன்னார். பஸ் சிரித்தது.

கச்சேரியில் எங்களைக் கூப்பிட்டது யாழ்ப்பாணத்து அம்மா ஒருவர். கண்ணாடி போட்டிருந்தார். மேசை மேல் கிடந்த தடித்த புத்தகத்தின் ஓரங்கள் தொட்டால் உதிரும்போல இருந்தன. அவர் விரலை வைத்து ஒவ்வொரு வரியாகப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

“ஐயா, உங்கட பேர் முத்துதானே? தேப்பன்ர பேர், தாயின்ர பேர், தோட்டம் எல்லாம் சரியாத்தான் கிடக்கு. ஆனா இதில பொம்பிளைப் பிள்ளையெண்டு எழுதிக் கிடக்கு.”

அங்கே எங்களுக்காகக் காத்திருந்த சித்தப்பா சிரித்துவிட்டார். முத்து என்பது ஆணுக்கும் வைக்கும் பெயர், பெண்ணுக்கும் வைக்கும் பெயர். அந்தக் காலத்து வெள்ளைக்காரத் துரைக்கு அது எங்கே புரியப்போகிறது, பெயரைக் கேட்டுப் பெண் என்று போட்டிருப்பான் என்று விளக்கினார். எனக்கும் சிரிப்பு வந்தது. கறுப்புக் கோட்டும் மீசையுமாக நின்ற தாத்தாவைப் பார்த்துக் கையால் வாயைப் பொத்திக்கொண்டேன்.

தாத்தா சிரிக்கவில்லை. “அதுல என்ன வருஷம் போட்டிருக்குங்க?” என்று கேட்டார்.

அந்த அம்மா சொன்னார். அது எல்லோரும் நினைத்திருந்ததைவிட இரண்டு வருஷம் முந்தியது. தாத்தாவுக்கு ஒரே நொடியில் இரண்டு வயது கூடிவிட்டது என்றார் சித்தப்பா.  தாத்தா பக்கத்தில் இருந்த மர வாங்கில் மெதுவாக உட்கார்ந்துகொண்டார்.

“ஐயா, உங்களுக்கு மூத்த சகோதரம் ஆரும் இருந்தவையோ?” என்று அந்த அம்மா கேட்டார்.

சித்தப்பா முந்திக்கொண்டார். “இல்ல மிஸ், அப்பா தனிப்புள்ள.”

“நான் ஐயாவைத்தான் கேக்கிறன்.”

தாத்தா என் கையைப் பிடித்திருந்தார். பிடி இறுகியதில் எனக்கு வலித்தது. பக்கத்து மேசைக்காரர் எழுதுவதை நிறுத்திவிட்டு எங்களைப் பார்த்தார்.

“யாரும் இல்லீங்க,” என்றார் தாத்தா. “அது நான்தான்.”

அந்த அம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி போட்டுக்கொண்டு தாத்தாவை ஒரு தடவையும் என்னை ஒரு தடவையும் பார்த்தார். பிறப்புப் பதிவேடு இருந்த அலமாரிக்குள்ளேயே இறப்புப் பதிவேடும் இருந்திருக்க வேண்டும். அதையும் எடுத்துப் பார்க்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை. தோன்றியும் எடுக்காமல் இருந்தாரோ என்று இப்போது நினைக்கிறேன்.

“அப்ப பிழை திருத்த ஒரு சத்தியக் கடதாசி முடிச்சுக் கொண்டு வாங்கோ,” என்றார்.

சித்தப்பா அன்றைக்கே டவுனில் சத்தியக் கடதாசி முடித்துக் கொடுக்கும் ஒரு சமாதான நீதவானின் வீட்டுக்கு எங்களைக் கூட்டிப்போனார். அவர் முஸ்லிம் பெரியவர். சித்தப்பாவின் கடை முதலாளிக்கு வேண்டியவர். முன்விறாந்தையில் வைத்துக் கடதாசியை எழுதி உரக்க வாசித்தார். முத்து ஆகிய நான் ஓர் ஆண் என்றும், பதிவேட்டில் பெண் எனத் தவறாக எழுதப்பட்டுள்ளது என்றும், இது உண்மை என்றும் அதில் இருந்தது. பெருவிரலில் மை பூசியாகிவிட்டது. தாத்தா விரலைக் காகிதத்துக்கு மேலே பிடித்துக்கொண்டு கேட்டார்:

“இத வெச்சா, அந்தப் புஸ்தகத்துல இருக்கிறத அழிச்சிருவாங்களா?”

“அழிக்க மாட்டாங்க. குறுக்கால ஒரு கோடு போட்டுப் பக்கத்துல திருத்தி எழுதுவாங்க,” என்றார் பெரியவர்.

“கோடு போட்டாலும் கீழ உள்ள எழுத்து தெரியுமா?”

“தெரியும்.”

தாத்தா விரலை வைத்தார். தான் ஒரு காலத்தில் பெண்ணாக எழுதப்பட்டது வெளியே தெரிந்துவிடுமோ என்று தாத்தா வெட்கப்படுகிறார் என்று சித்தப்பா வீட்டுக்கு வந்து எல்லோரிடமும் சொன்னார். அந்தக் கதை லயத்தில் நெடுநாள் ஓடியது.

திருத்தம் நடந்தது. கொழும்புக்கும் மாத்தளைக்கும் இடையே பல காகிதங்கள் போய்வந்த பிறகு அப்பாவும் சித்தப்பாவும் இலங்கையர் ஆனார்கள். நானும் ஆனேன். அம்மா ட்ரங்குப் பெட்டியில் அரிசி போட்டுவைத்தாள். தாத்தாவுக்கு மட்டும் ஒன்றும் ஆகவில்லை. அவர் பிரஜையாக வேண்டுமானால் அவருடைய அப்பாவும் இங்கே பிறந்திருக்க வேண்டும். அந்த அப்பாவோ கடல் தாண்டி வந்து காடு வழியே நடந்து மாத்தளைக்கு வந்து சேர்ந்தவர். மகன்களுக்கு நாடு வாங்கிக் கொடுத்த தாத்தா, எந்த நாட்டுக்கும் சேராதவராகவே சில வருஷங்களில் இறந்துபோனார்.

இறப்பதற்குக் கொஞ்ச நாள் முன்பு அப்பாவிடம் சொல்லியிருக்கிறார். தனக்கு முன்னே ஒரு பெண் பிறந்ததாம். பெயர் முத்து. தவழும் முன்பே காய்ச்சலில் போய்விட்டதாம். அடுத்துப் பிறந்த பையனுக்கும் அதே பெயரை வைத்திருக்கிறார்கள். அவன் பிறந்ததை மட்டும் ஏனோ யாரும் போய்ப் பதியவில்லை. நான் பெரியவளான பின்தான் அப்பா இதை எனக்குச் சொன்னார். அதுவரை அந்த நாளின் கடைசிப் பகுதி எனக்கு ஒரு மனக்குறையாகவே இருந்தது.

கடதாசி முடித்துவிட்டுப் பஸ்ஸுக்கு நடந்தபோது தாத்தா ஒரு வளையல் கடை முன்னே நின்றார். சிவப்புக் கண்ணாடி வளையல் கேட்டார். நான் உடனே கையை நீட்டினேன். கடைக்காரர் என் கைக்கு அளவு பார்க்க வந்தார்.

“இந்தப் புள்ளைக்கு இல்லீங்க. அதவிடச் சின்னது. கைப்புள்ளைக்குப் போடுறது,” என்றார் தாத்தா.

எங்கள் வீட்டில் கைக்குழந்தை கிடையாது. பஸ்ஸில் நான் தாத்தாவோடு பேசவில்லை. வீட்டுக்கு வந்ததும் அவர் கோட்டைக்கூடக் கழற்றாமல் கொக்கோச் சரிவுப் பக்கம் தனியாக இறங்கிப்போனார். அந்தப் பக்கம் பிள்ளைகள் விளையாடப் போகக்கூடாது என்று அம்மா எப்போதும் தடுப்பாள். அந்தக் காலத்தில் செத்துப்போன குழந்தைகளைப் புதைத்த இடம் அது. கண் சரியாகத் தெரியாதவர் எப்படிப் போனார் என்று அம்மா தேடிப் போவதற்குள் அவரே திரும்பி வந்துவிட்டார்.

“வளையல் எங்க தாத்தா?” என்று கேட்டேன்.

“குடுத்துட்டேன் புள்ள.”

“யாருக்கு?”

“உரியவளுக்கு,” என்றார்.

என்னைவிட வேண்டிய ஒருத்தி லயத்தில் இருக்கிறாள் என்பதை என்னால் தாங்கிக்கொள்ள முடியவில்லை. அந்த விடுமுறை முடியும்வரை ஒவ்வொரு வீட்டுக்கும் ஏதாவது சாக்குச் சொல்லிக்கொண்டு போனேன். தொட்டிலில் கிடந்த குழந்தைகளின் போர்வையை விலக்கி, மூடியிருந்த கைகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தேன்.