மழுங்கிப்போன சவரக்கத்தி

குடவாசலில் துணிக்கடை வைத்திருந்த என் அத்தா, வெள்ளிக்கிழமைதோறும் தொழுகைக்குப் போகும் முன் தானே சவரக்கத்தியால் தாடியை ஒதுக்கிக்கொள்வார். சிங்கப்பூரில் வேலை பார்த்தபோது வாங்கிய கத்தி அது. வயதாகிக் கை நடுக்கம் வந்த பிறகும் அதை விடவில்லை. ஒருமுறை கழுத்தைக் கீறிக்கொண்டதில் சட்டையெல்லாம் ரத்தமானது.

அடுத்த வெள்ளிக்கிழமை கத்தியை விரித்தவர் திகைத்துப்போனார். கூர் முழுவதும் மழுங்கி, நடுவில் சில்லு பெயர்ந்திருந்தது.

"யாரு இதைத் தொட்டது?" என்று சத்தம் போட்டார்.

அம்மா அடுப்படியிலிருந்து வந்தார். "நான்தாங்க. அம்மிக்கல்லுல போட்டுத் தேய்ச்சேன். எத்தனையோ தடவ சொல்லியும் நீங்க கேக்கல. அன்னிக்கு ரத்தத்தைப் பார்த்ததுலேருந்து எனக்குத் தூக்கமே இல்லங்க."

கோபத்தில் எழுந்து வெளியே போய்விடுவார் என்று நினைத்தேன். அத்தாவோ கத்தியை மடக்கி வைத்துவிட்டு முகத்தை நிமிர்த்திக் காட்டினார். "அப்ப நீயே வழிச்சு விடு."

தம்பியின் ரேசரை எடுத்து வந்து கொடுத்தேன். அம்மா அவர் தாடையைப் பிடித்துக்கொண்டு, மூச்சைக்கூட அடக்கியபடி தாடியின் ஓரத்தை மெதுவாக வழித்தார். "ஆடாதீங்க" என்று அதட்டினார். அத்தா சிரித்தார்.

எங்கள் முன்னால் அவர்கள் தொட்டுக்கொண்டு நான் அதுவரை பார்த்ததே இல்லை. இன்று இருவருமே இல்லை. அவர்களை நினைத்தால், சோப்பு நுரை ஒட்டிய அந்தத் தாடையும் அதைப் பிடித்திருந்த அம்மாவின் கையும்தான் கண்ணில் நிற்கின்றன.