துவக்குப் பெட்டியும் ஒரு ‘ஒண்டுமில்லை’யும்

போன வருடம், இலைகள் நிறம் மாறத் தொடங்கியிருந்த ஒரு காலை. கோப்பன்ஹேகன் விமான நிலையத்தில் பொதிகளை ஒப்படைக்கும் வரிசையில் நின்றுகொண்டிருந்தேன். பக்கத்தில், வழியனுப்ப வந்த என் கணவர். எங்கள் இருவருக்கும் நடுவே, தள்ளுவண்டியில், இரண்டு பூட்டுப் போட்ட நீளமான கறுப்புப் பெட்டி. பார்க்கிறவர்கள் உள்ளே ஏதோ வாத்தியம் இருக்கிறது என்று நினைத்திருப்பார்கள். இருந்தது துவக்கு, வேட்டைத் துப்பாக்கி.

என்னுடைய துவக்கு. சொல்லும்போது இப்போதும் கொஞ்சம் வேடிக்கையாகத்தான் இருக்கிறது. நான் யாழ்ப்பாணத்தில் பிறந்தவள், ஐம்பதைத் தாண்டியவள். டென்மார்க்கின் ஓகூஸ் நகரத்து வைத்தியசாலை ஒன்றில் நோயாளர்களைப் பராமரிக்கும் வேலை. எனக்கு ஏன் துவக்கு?

எல்லாம் ஒரு கறியில் தொடங்கியது. என்னோடு வேலை செய்கிற டெனிஷ் சிநேகிதி ஒருத்தி, ஒவ்வொரு இலையுதிர் காலத்திலும் தான் வேட்டையாடிய மானில் ஒரு பங்கு எனக்குத் தருவாள். நான் அதை வறுத்த மிளகாய்த்தூள் போட்டுப் பிரட்டி, அவளுக்கும் ஒரு டப்பாவில் கொண்டுபோய்க் கொடுப்பேன். ஒருநாள் அடுப்படியில் நின்று உப்புப் பார்க்கும்போது நினைத்தேன். கடையில் பிளாஸ்டிக் சுற்றி வாங்கிய இறைச்சி இத்தனை வருடமாக என்னிடம் ஒரு கேள்வியும் கேட்டதில்லை. இந்த இறைச்சி கேட்கிறது. யார் கொன்றது, எப்படி, வலித்ததா என்று கேட்கிறது. தின்கிற வாய்க்கு அதைத் தெரிந்துகொள்ளும் பொறுப்பு இல்லையா? அடுத்த சனிக்கிழமையே அவள் பின்னால் காட்டுக்குள் நடந்தேன். பிறகு வகுப்பு, பரீட்சை, சூட்டுத் தேர்வு. முதல் தேர்வில் தவறினேன். சத்தம் வருமுன்னமே கண்ணை மூடிவிடுவேன். ஒரு குளிர்காலம் முழுக்க, கண்ணைத் திறந்து வைத்திருக்கப் பழகினேன். இரண்டாம் தரம் தேறினேன்.

என் கணவருக்கு இது எதுவும் பிடிக்கவில்லை.

“துவக்குச் சத்தத்துக்குப் பயந்து நாட்டை விட்டு ஓடி வந்த ஆக்கள் நாங்கள். நீர் காசு குடுத்து அதை வாங்கி வீட்டுக்குள்ள வைக்கிறீர்,” என்றார். “சனம் கேட்டா நான் என்னெண்டு சொல்லுறது?”

“மான் இறைச்சி வேணுமெண்டா வரட்டாம் எண்டு சொல்லுங்கோ.”

சட்டப்படி துவக்கை இரும்பு அலுமாரிக்குள் பூட்டித்தான் வைக்க வேண்டும். அந்த அலுமாரி நிற்கும் மூலையை அவர் இன்றைக்கும் சுற்றித்தான் போவார், அயல்வீட்டு நாயை அங்கே கட்டி வைத்திருப்பது போல.

சிநேகிதியின் குடும்பத்துக்கு வடக்குச் சுவீடனில் கொஞ்சம் காடு இருக்கிறது. ஒவ்வொரு வருடமும் உறவுக்காரர் கூடி எல்க் வேட்டைக்குப் போவார்கள். எல்க் என்பது குதிரையை விட உயரமான மான். அந்த வருடம் ஒருவருக்கு வர முடியாமல் போக, அந்த இடத்தை எனக்குத் தந்தாள். கோடை முழுவதும் சூட்டு மைதானத்தில் கிடந்தேன். அவள் முன்கூட்டியே போய்விட்டாள். நான் தனியாக, துவக்கோடு, முதல் தடவையாகப் பறக்க வேண்டும்.

தொலைபேசியில் ஒவ்வொன்றாகச் சொன்னாள். விமான நிறுவனத்துக்கு முன்பே அறிவிக்க வேண்டும். துவக்கில் ரவை, அதாவது குண்டு, இருக்கக் கூடாது. போல்ட் என்கிற, ரவையைத் தள்ளிப் பூட்டும் இரும்புத் தண்டைக் கழற்றித் தனியாக வைக்க வேண்டும். ரவைகளைக் கடையில் தந்த பெட்டியோடேயே வேறாகப் பூட்ட வேண்டும். ஐரோப்பிய ஆயுதக் கடவுச்சீட்டு கையில் இருக்க வேண்டும். கடைசியில், “கேட்டவுடன் தெளிவாகச் சொல்லிவிடு. அவர்களுக்குத் தேவை அது ஒன்றுதான்,” என்றாள். நான் சிரித்தேன். இத்தனை வேலைக்குள் அது ஒரு வேலையா?

காரில் வரும்போது கணவர் வழி முழுக்கச் சீண்டிக்கொண்டே வந்தார்.

“பெட்டியைக் குறுக்கால வையும். என்ரை முதுகைப் பாத்தபடி இருக்கு.”

“அதுக்குள்ள ரவை இல்லையப்பா.”

“ரவை இல்லையெண்டு சொல்லித்தான் அங்கையும் எல்லாரும் வைச்சிருந்தவங்கள்.”

நீளப் பாலத்தில் ஏறினோம். இரண்டு பக்கமும் சாம்பல் நிறக் கடல். நான் சிரித்துக்கொண்டிருந்தேன். ஆனால் உள்ளே ஏதோ ஒன்று எழுந்து உட்கார்ந்துவிட்டது. அது என்னவென்று அப்போது விளங்கவில்லை.

எங்கள் முறை வந்தது. மேசைக்குப் பின்னால் இளம் பெண் ஒருத்தி. கடவுச்சீட்டை வாங்கினாள், திரையைப் பார்த்தாள். அதே நேரம் எங்களுக்குப் பின்னால் சீருடை போட்ட இரண்டு பொலிஸ்காரர் நடந்து வந்தார்கள். வழக்கமான ரோந்துதான். சப்பாத்துச் சத்தம். இடுப்புப் பட்டியில் ஏதோ இரும்பு உரசும் சத்தம். அந்தப் பெண் எல்லோரிடமும் கேட்பதை என்னிடமும் கேட்டாள்.

“பொதிகளில் ஆயுதமோ ஆபத்தான பொருளோ ஏதும் இருக்கிறதா?”

“இல்லை,” என்றேன், நல்ல டெனிஷில், சிரித்த முகத்தோடு. “ஒன்றுமில்லை.”

“உடுப்பு மட்டும்தான்,” என்றார் கணவர், கேட்காமலே.

பள்ளிக்கூடப் பிள்ளைகள் இருவர் ஒன்றாகப் பாடம் ஒப்பித்தது போல இருந்தது. அவள் திரையைப் பார்த்தாள். பெட்டியைப் பார்த்தாள். எங்களைப் பார்த்தாள். அவள் முகத்திலிருந்து சிரிப்பு மெதுவாக வடிந்தது. அப்போதுதான் என் வாய் என்ன சொன்னது என்று என் காதுக்குக் கேட்டது.

அந்தச் சொல்லை நான் பழகியது பதினாறு வயதில். ரியூசனுக்குச் சைக்கிளில் போகிற வழியில், மண்மூட்டைகளுக்கு நடுவே ஒரு இராணுவக் காவலரண். இறங்கி, உருட்டிக்கொண்டு போய் நிற்க வேண்டும். “பையில என்ன?” “ஒண்டுமில்லை.” ஒருநாள் வானொலிக்கு வேண்டிய இரண்டு சின்னப் பற்றறிகள், சாப்பாட்டுப் பெட்டியில் புட்டுக்கு அடியில் இருந்தன. பற்றறி அந்தக் காலத்தில் தடைசெய்த பொருள். அன்றைக்கும் “ஒண்டுமில்லை.” பிறகு வேறு சீருடைகள் வந்தன, இயக்கப் பெடியள் வந்தார்கள். கேட்ட ஆட்கள் மாறினார்கள், கைகளில் இருந்த துவக்குகள் மாறின, பதில் மட்டும் மாறவில்லை. அது பொய்யாகவே தெரியவில்லை. மழைக்குக் குடை விரிப்பது போல, சீருடையைக் கண்டால் வாய் அந்தச் சொல்லை விரிக்கும். இங்கே வந்தும் அது மடங்கவில்லை. டொக்டர் “எங்காவது வலி இருக்கிறதா?” என்று கேட்டால், வலிக்காகத்தான் போயிருப்போம், முதல் பதில் “ஒண்டுமில்லை.” எங்கள் ஆட்கள் பாதிப் பேர் அப்படித்தான்.

இப்போது அதே சொல், கையில் நிஜத் துவக்கை வைத்துக்கொண்டு.

அந்தப் பெண் மெதுவான குரலில் யாருக்கோ தொலைபேசியில் பேசினாள். “தயவுசெய்து கொஞ்சம் தள்ளி நில்லுங்கள்” என்றாள். வரிசையில் நின்றவர்கள் எங்களைப் பார்க்காமல் பார்த்தார்கள். ரோந்து போன பொலிஸ்காரர் இருவரும் திரும்பி வந்துகொண்டிருந்தார்கள்.

“நான் அப்பவே சொன்னனான்,” என்றார் கணவர். “வாரும், திரும்பிப் போவம். பெட்டியைக் குடுத்திட்டுப் போவம்.”

“என்ரை பெட்டியை ஆருக்குக் குடுக்கிறது?”

“பொலிஸ் வருது. ஒண்டும் கதையாதையும்.”

துவக்கை வைத்துக்கொண்டு இல்லை என்று பொய் சொன்னவள் என்று எழுதினார்கள் என்றால் சுவீடன் பயணம் மட்டும் போகாது. துவக்கு அனுமதியே போய்விடும். அந்த ஒரு குளிர்காலம், திறந்து வைத்திருக்கப் பழகிய இந்தக் கண்கள், எல்லாம் போய்விடும். என் கால்கள் உண்மையிலேயே பின்னால் ஓரடி வைத்தன. ஆனால் “ஒண்டும் கதையாதையும்” என்று அவர் சொன்னதும், வயிற்றின் அடியிலிருந்து பிடிவாதம் ஒன்று கிளம்பியது. வைத்த அடியைத் திரும்ப முன்னால் வைத்தேன். இல்லை. இந்த முறை நான் கதைக்கத்தான் போகிறேன். இந்தப் பெட்டியோடு வந்தேன், இதோடுதான் பறப்பேன்.

ஒரு சின்ன அறைக்குள் கூட்டிப் போனார்கள். இருவரில் மூத்தவர், நரைத்த தாடிக்காரர், என் பத்திரங்களை ஒவ்வொன்றாகப் புரட்டினார். விமான நிறுவனத்தோடும் பேசினார். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

“எல்லாம் சரியாக இருக்கிறது. துவக்கு கொண்டுவருவதாக முன்பே அறிவித்திருக்கிறீர்கள். பிறகு ஏன் இல்லை என்றீர்கள்?”

கணவர் என் காதோரம் தமிழில், “பாஷை விளங்கேல்லை எண்டு சொல்லும்,” என்றார்.

எத்தனையோ இடங்களில் எங்களைக் காப்பாற்றிய வசனம் அது. சொன்னால் அவர் நம்பியும் இருப்பார். ஆனால் இந்த மொழியில்தான் சாகக் கிடந்தவர்களுக்குக் கைபிடித்து ஆறுதல் சொல்லியிருக்கிறேன். விளங்கவில்லை என்று சொல்ல நாக்கு வரவில்லை.

“கேள்வி நன்றாக விளங்கியது,” என்றேன். “நான் வளர்ந்த இடத்தில், சீருடை போட்டவர்கள் துவக்கோடு நின்று இதே கேள்வியைத்தான் கேட்பார்கள். அங்கே அதற்கு ஒரு பதில்தான் இருந்தது. உங்கள் சப்பாத்துச் சத்தம் கேட்டது. என் வாய் அந்தப் பதிலைச் சொல்லிவிட்டது. நான் எதையும் மறைக்க வரவில்லை. ஆனால் சொன்னது நான்தான்.”

அவர் பாவம் என்ற முகம் காட்டவில்லை. அதற்காகவே அவரை இன்றைக்கும் நினைக்கிறேன். பத்திரங்களை ஒழுங்காக அடுக்கி, மேசையில் தட்டிச் சீராக்கினார்.

“அப்படியென்றால்,” என்றார், “கேள்வியை முதலிலிருந்து கேட்பதுதான் நியாயம்.”

எங்களைத் திரும்பவும் அந்தப் பெண்ணிடமே கூட்டி வந்தார். “இவரிடம் தொடக்கத்திலிருந்து கேளுங்கள்” என்று அவளிடம் சொல்லிவிட்டு, விலகிப் போகாமல், என் பக்கத்திலேயே கைகட்டி நின்றார். சீருடையோடு. சப்பாத்தோடு. வேண்டுமென்றேதான் அப்படி நின்றார் என்று நினைக்கிறேன்.

அவளும் கடவுச்சீட்டை மறுபடி வாங்கி, புதிதாகப் பார்ப்பவள் போலத் திறந்தாள்.

“பொதிகளில் ஆயுதமோ ஆபத்தான பொருளோ ஏதும் இருக்கிறதா?”

நாக்கு பழைய இடத்துக்கே ஓடியது. பிடித்து நிறுத்தினேன். பதினாறு வயதுப் பெட்டை ஒருத்தி உள்ளேயிருந்து வேண்டாம், வேண்டாம் என்று கையைப் பிடித்து இழுத்தாள். அவளையும் கூட்டிக்கொண்டுதான் சொன்னேன்.

“ஓம்.” முதலில் தமிழில்தான் வந்தது. பிறகு டெனிஷில், தேவைக்கு மேலே உரத்து, “ஆம். என்னிடம் ஒரு துவக்கு இருக்கிறது. ரவைகளும் இருக்கின்றன.”

பின்வரிசையில் யாரோ இருமினார்கள். உலகம் இடிந்து விழவில்லை. அவள் தலையை ஆட்டி ஏதோ தட்டச்சுச் செய்தாள்.

பிறகு அறைக்குத் திரும்பி, அவர் முன்னால் பெட்டியைத் திறந்தேன். கழற்றி வைத்த போல்ட்டைக் காட்டினேன். துவக்கை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துக் குழாய்க்குள் பார்த்தேன். மறு முனையில் சின்ன நிலவு போல ஒரு வட்டம், வெறும் வெளிச்சம். அவரும் பார்த்தார். இரண்டு பூட்டையும் நானே பூட்டினேன். போகும்போது அவர் டெனிஷ் வேட்டைக்காரர்கள் சொல்லும் வாழ்த்தைச் சொன்னார். முறியட்டும், உடையட்டும் என்பது போல வரும்.

“என்னத்தை முறியட்டாம்?” என்று கணவர் பதறினார்.

“வாழ்த்தப்பா. நல்லா அமையட்டும் எண்டு.”

“நல்ல வாழ்த்து!” என்றார். ஆனால் அன்று முதல் தடவையாகச் சிரித்தார்.

வடக்கில் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சேறும் பாசியும் மணக்கிற காட்டில் நாட்கணக்காகக் காத்திருந்தேன். பனிப்புகைக்குள் இருந்து ஒரு இளம் எல்க், தன் நீளக் கால்களை நம்பாதது போல, தயங்கித் தயங்கி வெளியே வந்தது. கண்ணை மூடவில்லை. ஒரே வெடி. அது விழுந்த இடத்துக்குப் போய், அதன் சூடான கழுத்தில் கையை வைத்துக்கொண்டு வெகுநேரம் இருந்தேன். தெரிந்துகொள்ள வந்ததைத் தெரிந்துகொண்டேன். அது சுகமானதல்ல.

திரும்பி வந்து கோப்பன்ஹேகனில் இறங்கியபோது, வெளியே போக இரண்டு வழி. காட்ட ஒன்றுமில்லாதவர்களுக்குப் பச்சை, ஏதாவது உள்ளவர்களுக்குச் சிவப்பு. கொழும்பிலிருந்து கருவாடும் மாம்பழமும் கொண்டுவந்த ஒவ்வொரு தடவையும், “நேராப் பாத்து நடவும்” என்று கணவர் சொல்ல, பச்சையால்தான் போயிருக்கிறோம். அன்று வண்டியைச் சிவப்புப் பக்கம் திருப்பினேன். அங்கே இருந்தவர் கேட்குமுன்னமே, “துவக்கு இருக்கிறது, இறைச்சியும் இருக்கிறது,” என்றேன். அவர் கொட்டாவியை அடக்கிக்கொண்டு பத்திரங்களைப் பார்த்தார். போகலாம் என்றார். அவ்வளவுதான்.

வெளியே கணவர் பச்சை வாசலையே பார்த்துக்கொண்டு நின்றார். நான் மற்றப் பக்கத்தால் வருவதைக் கண்டு முகம் வெளிறிவிட்டது.

“பிடிச்சிட்டாங்களோ?”

“இல்லை. நானாத்தான் போனனான்.”

கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். பிறகு என் கையிலிருந்த வண்டியை வாங்கித் தள்ளத் தொடங்கினார், அந்த நீளப் பெட்டியோடு. துவக்கு உதைத்த தோளை நான் தடவுவதைக் கண்டிருக்க வேண்டும்.

“தோள் நோகுதோ?”

“ஒண்டு...” என்று தொடங்கி, நிறுத்தினேன். “ஓம் அப்பா. நல்லா நோகுது.”

இன்றைக்கும் சீருடையோடு யாராவது எதையாவது கேட்டால் நாக்கு நுனிக்கு முதலில் ஓடி வருவது அந்தப் பழைய சொல்தான். அதை ஒரு மூச்சு நேரம் பிடித்து நிறுத்திவிட்டுத்தான் உள்ளதைச் சொல்கிறேன், அந்த ஒரு மூச்சுக்குள்தான் ஒவ்வொரு தடவையும் நான் அந்தக் காவலரணைக் கடந்து இந்த நாட்டுக்கு வந்து சேருகிறேன்.